அடி விழாத மூன்று நாள்

முத்துமீனாள் கொட்டாங்கச்சியில் மஞ்சள்தூளைக் கொட்டி, நகக்கண்ணில் எடுத்த சுண்ணாம்பை அதில் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஆட்காட்டி விரலால் குழைத்துக்கொண்டிருந்தாள். ஆரத்தி எடுக்க வீட்டுக்கு யாரும் வரவில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குழைத்தாள். மஞ்சள் சிவந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வைத்தாள். கறுஞ்சிவப்பாக வந்ததும் சேலையின் பின்புறத்தை முன்னால் இழுத்து, உட்கார்ந்து எழுந்தால் எந்த இடத்தில் கறை படியுமோ அந்த இடத்தில் தடவினாள்.

மணி எட்டரை. பத்து மணிக்கு அவள் புருஷன் சங்கரநயினார் வீட்டுக்கு வருவான். வந்தால் முதலில் பூக்கூடையைத்தான் பார்ப்பான். பார்த்ததும் அடிப்பான். அதற்குள் அவள் தூரமாகி, வீட்டுக்கு விலக்காகிவிட வேண்டும்.

அவனுக்குக் கோயில் வாசலில் மாலைக்கடை. மறுநாள் ஆடித்தபசுத் திருவிழா. ஐந்து மணிக்குக் கடைக்குப் போகும்போது, பத்துக் கிலோ பிச்சி மொக்கை ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு மாதமாக ராத்தூக்கம் கிடையாது. திடீரென்று நெஞ்சிலிருந்து தீ கிளம்பி முகத்துக்கு ஏறும். ரவிக்கை பிழியும் அளவுக்கு வேர்க்கும். அடுத்த நிமிஷம் குளிரும். இரவெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறு மணிக்குச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவள், எட்டு மணிக்குத்தான் கண் விழித்தாள். வெயில் கூடைக்குள் இறங்கியிருந்தது. மொக்கெல்லாம் வாய் பிளந்து, ஓரம் பழுத்துக் கிடந்தது. விடியற்காலையிலிருந்து இடுப்பு வேறு கடுத்தது. படுக்காத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

குளியலறையிலிருந்து வெளியே வந்து, அடுப்படி வாசலைக் கடந்து நடந்தாள். அங்கே நாத்தனார் ஆவுடையம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கரநயினாருக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

“ஏட்டி, நில்லு. சேலையில பட்டிருக்கு.”

“ஆமா மதினி. இப்பத்தான் பாத்தேன்.”

“இன்னைக்கா? உனக்குப் போன வெள்ளிக்குத்தான முடிஞ்சுது?”

“உடம்புக்கு என்ன தெரியும், வெள்ளியும் செவ்வாயும்.”

“நல்லாத் தெரியுது. ஆளுக்கு நாலு கை வேணும்ங்கிற நாளாப் பாத்து வருதே. எம் மூட்டுல எண்ணெ வத்திப் போச்சு, நீ பாயில போயி உக்காரு. உக்காரு தாயி.”

முத்துமீனாள் புறவாசலுக்குப் போனாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். அங்கே வேறு சேலை மாற்றிக்கொண்டு, கறைச்சேலையை வாசலில் இருந்த பேசினில் போட்டாள். ஊறவைக்கத் தண்ணீர் பிடிக்கலாம் என்று போனால், முனிசிபல் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பொதுவாகச் சாப்பாட்டுத் தண்ணீர் டிரம்மைத் தூரக்காரி தொடக்கூடாது. தொட்டால் மதினி கூப்பாடு போடுவாள். பேசினை அப்படியே வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

இந்த வீட்டின் கணக்கு வெளியாளுக்குப் புரிவது கஷ்டம். சங்கரநயினார் வெறும் பூக்கடைக்காரன் இல்லை. தினமும் காலையில் சந்நிதிக்குப் போகும் முதல் மாலையைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் அப்பா வழியில் வந்த வழக்கம். தூரமான பெண்ணைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு மாலை எடுக்கக்கூடாது. அப்பா ஒருநாளும் முறை தவறியதில்லை, மகனும் தவறியதில்லை. அதனால் மாதத்தில் மூன்று நாள் அவன் முத்துமீனாளின் நிழலைக்கூடத் தொடமாட்டான். மற்ற இருபத்தைந்து நாளும் தொடுவான், கையாலும் காலாலும்.

முதல் அடி கல்யாணமான இரண்டாம் மாதம் விழுந்தது. துளசி மாலையைத் தளர்வாகக் கட்டிவிட்டாள் என்று, தண்ணீரில் ஊறிய வாழைநார்க் கத்தையை எடுத்து முதுகில் விளாசினான். ஈர நார் தோலைக் கிழிக்காது. விரல் தடிமனுக்கு வரிவரியாக வீங்கவைக்கும், அவ்வளவுதான். ஏழாம் வருஷம் அறைந்த அறையில் இடது காது போயிற்று. மகள் பிறந்த பிறகு ஒருநாள் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதில் சுண்டுவிரல் ஒடிந்து, கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு ஒன்பது விரலால் பூக் கட்டினாள். கடையில் அவனைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். “வாங்க அண்ணாச்சி” என்று குழைவாகக் கூப்பிடுவான். மொக்கு கசங்காமல் எடுக்கிற விரல் அவனுக்கு.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் அந்தப் புறவாசல் அறையில் இருந்தபோது, ஏதோ கோபத்தில் கையை ஓங்கிக்கொண்டே வாசல் வரை வந்தான். பாயைப் பார்த்தான். கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

“நாலாம் நாள் தலைக்கு ஊத்திட்டு வா. வச்சிருக்கேன்” என்றான்.

சொன்னபடி வைத்திருந்தான். நாலாம் நாள் காலையில் ஈரத்தலையோடு அடுப்படிக்கு வந்தவளை, அடுப்படியிலேயே வைத்துக் கொடுத்தான். அதிலிருந்து நாலாம் நாள் குளியலை முத்துமீனாள் மெதுவாகக் குளிப்பாள். ஊரில் மற்றப் பெண்கள் அந்த மூன்று நாளைத் திட்டித் தீர்ப்பார்கள். இவள் நாள்காட்டியில் விரல் வைத்து அதற்காகக் காத்திருந்தாள். அந்த அறையில் நிமிர்ந்து படுக்கலாம். கதவுச் சத்தத்துக்கு உடம்பு துள்ளாது.

நாற்பத்து நாலு வயதில் இருபத்தெட்டு நாள் கணக்கு இருபத்து நாலாயிற்று. பிறகு இருபத்தொன்று. முத்துமீனாள் சந்தோஷப்பட்டாள். நாற்பத்தாறில் வந்தால் நிற்கவில்லை. எட்டு நாள், பத்து நாள், ஒரு தடவை பன்னிரண்டு நாள். ஈரல் துண்டு போலக் கட்டி கட்டியாகப் போயிற்று. ஒரு நாளைக்கு எட்டு நாப்கின் போதவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பச்சரிசியைக் கை நிறைய அள்ளி அள்ளித் தின்றாள். பன்னிரண்டு நாளும் சமைத்த ஆவுடையம்மாள், “என்னட்டி இது, தபசு மாதிரி பன்னெண்டு நாள் கொண்டாடுத?” என்றாள். அடி மட்டும் விழவில்லை. பன்னிரண்டு நாள் யாரும் அவளை அடிக்கவில்லை.

சர்க்கரை மாத்திரை கொடுக்கத் தெருவுக்கு வரும் நர்ஸ் ஞானசெல்விதான் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் ஏழு புள்ளிதான் இருந்தது. ஸ்கேனில் கட்டி ஏதும் இல்லை. இந்த வயதில் கருமுட்டை வெடிப்பது முறை தப்பும். வெடிக்காத மாதத்தில் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போய், பிறகு மொத்தமாக உரிந்து கொட்டும். நிற்பதற்கு முன்னால் பலருக்கு இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். சத்து மாத்திரையும், போக்கைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஞானசெல்வி வந்தபோது, சத்து மாத்திரை தீர்ந்திருந்தது. மற்ற அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“இதை ஏன்க்கா சாப்பிடல?”

“சாப்பிட்டா நின்னுரும்லா?”

“நிக்கத்தான குடுத்தது?”

“நின்னா அடிப்பாரு.”

ஞானசெல்வி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். விவரம் கேட்டாள். முத்துமீனாள் காய் விலை சொல்வது போலச் சொன்னாள்.

“அடிக்குப் பயந்து ரத்தத்தைக் கொட்டிக்கிட்டுக் கெடப்பீங்களா? கேஸ் குடுப்போம், வாங்க.”

“நீ போம்மா. எனக்கு இது போதும்.”

போதவில்லை. நாற்பத்தெட்டில் அதுவும் தவறத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு மூன்று மாதம் வரவில்லை. தலைக்கு மேலிருந்த கூரை ஓடு ஓடாகக் கழன்றது. தொண்ணூறு நாளும் அவன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தாள். அந்தத் தொண்ணூறு நாளில் ஒரு கடைவாய்ப் பல் விழுந்தது. தாடை இரண்டு வாரம் திறக்கவில்லை, கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். மகள் ராஜராஜேஸ்வரி சிவகிரியிலிருந்து போனில், “எங்கூட வந்துரும்மா” என்று அழுதாள். இவள்தான் போகவில்லை. அதற்குப் பதிலாக மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்தாள். உள்பாவாடையில் கொஞ்சம் தடவி, பேசின் தண்ணீரில் உடனே அமுக்கிவிடுவாள். தண்ணீர் செந்நிறமாகத் தெரியும். மதினிக்கு அது போதும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, நாள் தப்பாமல், ஏழு மாதம் இப்படி ஓட்டினாள்.

அதுதான் ஆவுடையம்மாளுக்கு உறுத்தியது. “எனக்கு நாப்பத்தஞ்சுலயே நின்னு போச்சு. இவளுக்கு மட்டும் அலாரம் வச்ச மாதிரி அடிக்கே” என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

இன்றைக்கு அலாரமும் தப்பிவிட்டது. தண்ணீரும் இல்லை.

பத்து மணிக்குச் சங்கரநயினார் வந்தான். கூடையைப் பார்த்ததும் அவன் போட்ட சத்தம் அறைக்குக் கேட்டது. கூடை சுவரில் மோதியது. காலடி புறவாசலுக்கு வந்தது. கதவருகே நின்றது.

“தூரமாட்டி?”

“ஆமா.”

அவன் மூச்சு விடுவது கேட்டது. “நாளைக்குத் தபசு. பத்துக் கிலோ பூ. இரு. நாலாம் நாளுன்னு ஒண்ணு இருக்குல்லா.”

திரும்பிப் போனான். முத்துமீனாள் கண்ணை மூடினாள். மூன்று நாள் கிடைத்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டில் இட்லியோடு வந்த ஆவுடையம்மாள், பேசினைத் தாண்டப் போனவள் நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஈரத்தில் சிவப்பு; காயக் காய மஞ்சள் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும், கறுக்கும். எந்தக் காலத்திலும் மஞ்சளாகாது. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியாதா? கொடிக்கம்பால் சேலையைத் தூக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஏலே நயினாரு! இங்கன வாலே! உம் பொண்டாட்டி தீட்டு நெறம் மாறிட்டு!”

அவன் வந்து சேலையைப் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் ரத்தம் கட்டியது போலக் கறுத்தது.

“எத்தனை மாசமாட்டி?”

அவள் எழுந்து சுவரோடு ஒட்டினாள்.

“ஏட்டி, எத்தனை மாசமா என்னைய ஏமாத்துத?”

பூ போன கோபம்கூட அவனுக்குப் பெரிதாக இல்லை. அடிக்க வேண்டிய நாட்களில் அடிக்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் அவனை எரித்தது. அறைக்குள் நுழைந்து, முடியைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். துவைகல்லின் மேல் நெற்றி மோதியது. இன்னொரு முறை மோதவைத்தான். புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ குச்சி ஒடிவது போல அவளுக்குக் கேட்டது. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. நார்க் கத்தையைத் தேடினான், கிடைக்கவில்லை, வெறுங்கையாலேயே அடித்தான். வாயில், காதில், கழுத்தில்.

“சாமி காரியத்துல பொய்யாட்டி? சாமி காரியத்துல?”

“போதும்லே, கையை விடு” என்று ஆவுடையம்மாள் இழுத்தாள். அவளை ஒரு தள்ளு தள்ளினான். தட்டும் இட்லியும் சாக்கடையில் போய் விழுந்தன.

அப்போது முத்துமீனாளுக்கு அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்து விட்டது போலிருந்தது. காலையிலிருந்து இடுப்பு கடுத்தது இதற்குத்தான். குடம் சாய்ந்தது போலச் சூடாக இறங்கியது. தொடை நனைந்தது. பாவாடை நனைந்தது. துவைகல்லைச் சுற்றியிருந்த சிமெண்டுத் தரையில் பரவி, கட்டி கட்டியாகச் சாக்கடையை நோக்கி நகர்ந்தது. பத்து மாதம் வராதது மொத்தமாக வந்தது.

அவன் பார்த்தான். சிரித்தான்.

“இதுவும் மஞ்சளா? பாப்போம்.”

குனிந்து இரண்டு விரலால் தொட்டான். சூடாக இருந்தது. விரலைப் பிரித்தால் நூலாக இழுத்தது.

கை நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலில் நின்ற மாதிரியே அந்தரத்தில் நின்றது. பிறகு எழுந்து ஓடினான். குழாயைத் திருகினான்; தண்ணீர் வரவில்லை. சாப்பாட்டுத் தண்ணீர் டிரம்முக்குள்ளேயே கையை விட்டு, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தலையில் செம்பு செம்பாக ஊற்றினான். தரையில் கிடந்தபடி முத்துமீனாள் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையம்மாள் தரையைப் பார்த்தாள். இத்தனை ரத்தம் போனால் ஆள் தங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

“ஏலே, தூக்குலே! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். செத்துருவா!”

“நான் தொடமாட்டேன்.”

“இம்புட்டு நேரம் தொட்டுத்தான அடிச்ச?”

“நாளைக்கு மாலை எடுக்கணும்க்கா. நான் தொடமாட்டேன்.”

மூட்டுவலிக்காரி தெருவுக்கு ஓடினாள். முனையில் நின்ற ஆட்டோக்காரர் முகம்மது சாதிக் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து, ஒரு பழைய போர்வையில் முத்துமீனாளைச் சுருட்டித் தூக்கினார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தமாயிற்று. “கண்ணை மூடாதீங்கம்மா, பேசிக்கிட்டே வாங்க” என்று ஆஸ்பத்திரி வரை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ரத்தம் ஐந்து புள்ளி. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். நெற்றியில் ஆறு தையல். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. டாக்டரம்மா கேட்டபோது ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

“துவைகல்லுல வழுக்கி விழுந்துட்டா டாக்டரம்மா.”

“நெத்தியில, விலாவுல, காதுல, வாயில. எத்தனை கல்லும்மா உங்க வீட்டுல?”

டாக்டரம்மா போலீஸ் கேஸ் என்று எழுதினார். சாயங்காலம் ஞானசெல்வி வந்து கால்மாட்டில் நின்றாள். “உதைச்சதாலயா இப்படிப் போகுது?” என்று முத்துமீனாள் கேட்டாள். “அதை நம்பிச் சொல்ல முடியாது. வர வேண்டியது சேந்து வந்திருக்கு. மாதக்கணக்கா நின்னு இப்படிக் கொட்டுனா, உள்தோல்ல கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும், வேற ஏதும் இல்லைன்னு பாக்கணும்” என்றாள் ஞானசெல்வி. மாத்திரைக் கவரைத் தலைமாட்டில் வைத்தாள். முத்துமீனாள் அதைத் தொடவில்லை. ஊசியில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை. தபசுக்குச் சப்பரம் புறப்படும் நேரம் பற்றி மைக்கில் சொல்வது வார்டுக்குள் கேட்டது. ஆவுடையம்மாள் பிளாஸ்கில் காப்பியோடு வந்து, கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, மகளிர் ஸ்டேஷன்லேருந்து வாராங்களாம். விழுந்துட்டேன்னு சொல்லிரு. அவன் நேத்துலேருந்து சோறு திங்கல. கோவத்துல கண்ணு மண்ணு தெரியாம அடிச்சுட்டான். அவனா அடிச்சான்? கோவம் அடிச்சுட்டு.”

முத்துமீனாள் வாய் வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் பேச முடிந்தது.

“மதினி, சேலைய மூந்து பாத்துச் சொன்னியள்லா, அந்த மூக்கு அங்கனயே இருக்கட்டும். இங்கன நீட்டாதிய.”

சப்-இன்ஸ்பெக்டர் பெண், முப்பது வயது இருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தாளை விரித்தாள். பெயர், வயது, கல்யாணமான வருஷம் எழுதினாள்.

“தன்னை மறந்து அடிக்கிறவரா?”

“இல்ல.”

“குடிப்பாரா?”

“இல்ல. இதை எழுதிக்கோங்கம்மா. முப்பது வருஷமா, நான் தூரமா இருந்த நாள்ல ஒரு அடி அடிச்சதில்ல. சாமிக்குப் பயந்து. தன்னை மறந்து அடிக்கிறவன் நாள் பாத்து அடிப்பானா? மூணு நாளைக்கு அடக்கத் தெரிஞ்ச கைதான் அது. மத்த நாளு அடக்க வேணாம்னு அடக்கல. நேத்து ரத்தம் கையில பட்டதும் நின்னுட்டு. நிறுத்தத் தெரியும் அந்தக் கைக்கு. நல்லாத் தெரியும்.”

ஆவுடையம்மாள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்.

“வெளியே போனா எங்க தங்குவீங்க?”

“சிவகிரியில மக இருக்கா.”

கோணல் சுண்டுவிரல் தாளில் ஒட்டாமல் தனியே நீட்டிக்கொண்டு நிற்க, முத்துமீனாள் கையெழுத்துப் போட்டாள். பத்து மணிக்குப் போலீஸ் மாலைக்கடைக்குப் போனது. தீட்டு ரத்தம் தொட்ட கை என்று ஊரில் பரவிவிட்டதால், அன்றைய முதல் மாலையை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அவள் காது கொடுக்கவில்லை.

ஞானசெல்வி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். தலைமாட்டில் பிரிக்காத அட்டையைப் பார்த்தாள்.

“இதையும் பிரிக்கலையா?”

“எதுக்கு இந்த மாத்திரை, இன்னொரு வாட்டி சொல்லு.”

“ரத்தம் நிக்கதுக்கு.”

“நின்னா நின்னுட்டுப் போவுது. தண்ணி குடு” என்றாள் முத்துமீனாள். அட்டையைப் பிதுக்கி மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரை விட்டு விழுங்கினாள்.